ஆறில்லா மீனுக்கு யார் பொறுப்பு?

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வண்ண மீன் வளர்ப்பிலும் விற்பனையிலும் ஈடுபட்டிருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

கலப்பின மீன்களை உண்டாக்குவதும் வளர்ப்பதும் முறைதானா என்பது குறித்துப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறீர்கள். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இயற்கையில் தோன்றிய ஒவ்வொரு மீனினத்துக்கும் ஓர் ஆறோ ஏரியோ உண்டு. அதன் வாயும் துடுப்பும் நிறமும் அந்த நீரில் பிழைப்பதற்கேற்ப நெடுங்காலமாக அமைந்து வந்தவை. மனிதர் தொட்டியில் உண்டாக்கிய மீனுக்கு அப்படியொரு நீர்நிலை எங்கும் கிடையாது. ஆகவே அதன் உடலுக்கும், அது விற்கப்படும் பெயருக்கும், அதன் முடிவுக்கும் அதை உண்டாக்கியவரே பொறுப்பேற்க வேண்டும். அந்தப் பொறுப்பை ஏற்க மனமில்லாதவர் ஜோடி சேர்க்கும் வேலையில் இறங்கக்கூடாது.

பிளட் பேரட் மீனை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். 1986 வாக்கில் தைவானில் உருவாக்கப்பட்ட இந்தக் கலப்பின மீனின் தாய் தந்தை இனங்கள் எவை என்பதை உருவாக்கியவர்கள் வெளிப்படையாக அறிவிக்கவே இல்லை. சிக்லிட் என்ற மீன் குடும்பத்தைச் சேர்ந்த மைடாஸ் சிக்லிட்டும் ரெட்ஹெட் சிக்லிட்டும் என்பதே பலரது கருத்து. இந்த மீனுக்குத் தீனி போட்டுவிட்டுச் சற்று நேரம் தொட்டியருகே குனிந்து பாருங்கள். மூழ்கும் குருணையை நோக்கித் தலையைச் சாய்த்து வருகிறது. பெரும்பாலானவற்றுக்கு வாய் செங்குத்தான ஒரு சிறு பிளவாகவே இருக்கிறது. அது முழுமையாக மூடுவதில்லை. குருணையை உள்ளே இழுக்கிறது, அது நழுவி வெளியே விழுகிறது, மறுபடியும் இழுக்கிறது. தாடையால் இறுகப் பற்ற முடியாததால் தொண்டைக்குள் உள்ள பற்களையே நம்பி நசுக்கி விழுங்குகிறது. பக்கத்தில் சீரான வாயுள்ள வேறொரு சிக்லிட் இருந்தால், இது ஒரு குருணையோடு போராடி முடிப்பதற்குள் மற்றவை எல்லாம் தீர்ந்துவிடும். இதோடு முதுகெலும்பிலும் காற்றுப்பையிலும் குறைபாடு உள்ளவை பல. அவை தள்ளாடியே நீந்துகின்றன. ஆண் மீன்களில் பெரும்பாலானவை மலடு என்பதால், பெண் மீன் கல்லைத் துப்புரவு செய்து முட்டையிட்டு, வெளுத்துப்போகும் அந்த முட்டைகளையும் காவல் காத்து நிற்கிறது. இவ்வளவும் போதாதென்று, வெளிறிய பேரட்டுகளுக்கு ஊசியால் சாயம் ஏற்றி விற்றவர்களும், வாலை நறுக்கி இதய வடிவம் என்று பெயர் சூட்டியவர்களும் உண்டு. அதைப் பற்றி விவாதிக்க எதுவும் இல்லை, அது கொடுமை.

வீட்டில் பிளட் பேரட் வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டு மனம் நோக வேண்டியதில்லை. பிறந்துவிட்ட உயிரைப் பேணுவது வேறு, அடுத்த ஈட்டைப் பிறப்பிக்கச் சொல்வது வேறு. நல்ல பராமரிப்பில் அது பத்து ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடிய மீன். மூழ்கும் சிறு குருணையைக் கொடுங்கள். போட்டிக்கு நிற்காத சாதுவான மீன்களோடு விடுங்கள். அது இறந்தபின் அந்த இடத்துக்கு இன்னொன்றை வாங்காதீர்கள். நாம் கொடுக்கும் பணம்தான் அடுத்த ஈட்டுக்கு முன்பணமாகப் போய்ச் சேர்கிறது.

பிளவர்ஹார்னின் சிக்கல் வேறு வகையானது. 1990களில் மலேசியாவில் மத்திய அமெரிக்கச் சிக்லிட்டுகளைக் கலந்து உருவாக்கப்பட்ட இம்மீன், நெற்றித் திமிலும் உடலில் எழுத்துப்போல் ஓடும் கரும்புள்ளிகளும் அதிர்ஷ்டம் தரும் என்ற நம்பிக்கையால் ஆசியா முழுவதும் பரவியது; வாஸ்து மீன் என்ற பெயரில் நம் ஊர்க் கூடங்களுக்கும் வந்து சேர்ந்தது. பொதுவாக இது வலிமையான, துடிப்பான மீன்; உடற்குறை என்று பெரிதாகச் சொல்வதற்கில்லை. ஆனால் ஓர் ஈட்டில் பிறக்கும் நூற்றுக்கணக்கான குஞ்சுகளில் திமிலும் முத்துப்புள்ளியும் நிறமும் கூடிவந்து நல்ல விலைக்குப் போகிறவை சிலவே. எஞ்சியவை எங்கே போகின்றன? பெரிய மீன்களுக்கு இரையாகப் போகின்றன, அல்லது அடிமாட்டு விலைக்குத் தள்ளப்படுகின்றன, அல்லது ஏதோ ஒரு நீர்நிலையில் கொட்டப்படுகின்றன. இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவில் மதானோ என்ற மிகப் பழமையான ஏரி இருக்கிறது. ஏறத்தாழ 590 மீட்டர் ஆழம் கொண்ட அந்த ஏரியில், உலகில் வேறெங்கும் இல்லாத சிறு மீனினங்கள் வாழ்கின்றன. அங்கே பிளவர்ஹார்ன் புகுந்துவிட்டதை 2012இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். பிறந்த நீர் என்று சொல்லிக்கொள்ள ஓரிடமும் இல்லாத மீன், அந்த ஏரியைத் தவிர வேறு போக்கிடம் இல்லாத மீன்களின் நடுவே குடியேறியிருக்கிறது. யாராவது கொண்டுவந்து விட்டாலொழிய அப்படியொரு மீன் அங்கே போய்ச்சேர வழியே இல்லை.

இயற்கையிலேயே கலப்பு நடக்கிறதே, மனிதர் செய்தால் மட்டும் ஏன் குற்றம் என்று நம் நண்பர்கள் பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியிலுள்ள நூற்றுக்கணக்கான சிக்லிட் இனங்கள் அவ்வளவு விரைவாகப் பெருகியதற்கே, இரு பழைய மரபுகள் கலந்ததுதான் அடித்தளம் என்று 2017இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. ஆனால் ஏரியில் பிறந்த கலப்புக் குஞ்சு, தானே இரை தேடி, எதிரிக்குத் தப்பி, துணையைக் கண்டடைந்தாக வேண்டும். வாய் மூடாத குஞ்சு அங்கே நிலைத்திருக்காது. தொட்டியில் அந்தச் சல்லடை இல்லை. இங்கே எது பிழைக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது நம் கண், நம் கண்ணோ நிறத்தையும் திமிலையும் தவிர வேறெதையும் பார்க்கப் பழகவில்லை.

கலப்பினம் என்பதாலேயே ஒரு மீன் இழிந்ததும் அல்ல, தூய இனம் என்பதாலேயே உயர்ந்ததும் அல்ல. கண்ணுக்கடியில் நீர்ப்பை தொங்கத் தடுமாறி நீந்தும் பபுள் ஐ, வேறு இனக் கலப்பே இல்லாத தங்கமீன்தான். மறுபுறம், நாம் அன்றாடம் விற்கும் சிவப்பு சோர்டு டெயில், பிளாட்டி வகைகள் ஏறக்குறைய எல்லாமே ஒன்றுக்கொன்று கலந்து வந்தவை. அவற்றில் மிகப்பல நலமாகவே வாழ்கின்றன. ஆயினும் அந்தக் குடும்பத்திலேயே நாம் மறக்கக்கூடாத ஒரு பாடம் இருக்கிறது. 1920களில் அமெரிக்காவில் மைரன் கார்டன், ஜெர்மனியில் கர்ட் காஸ்விக் என்ற மரபியல் ஆய்வாளர்கள் கரும்புள்ளியுள்ள பிளாட்டியைச் சோர்டு டெயிலோடு சேர்த்தபோது, குஞ்சுகளில் அந்தப் புள்ளிகள் பெற்றோரிடம் இருந்ததைவிடப் பரந்து படர்ந்தன. அக்குஞ்சுகளை மறுபடியும் சோர்டு டெயிலோடு சேர்த்தபோது, பேரக்குஞ்சுகளில் ஏறத்தாழ கால் பங்குக்குக் கரும்புற்று என்னும் தோல் புற்றுநோய் கண்டது. கறுத்த தடிப்பு செதில்களைத் தூக்கிக்கொண்டு எழுந்து தசையை அரித்துவிடும். புள்ளியை உண்டாக்கும் மரபணுவை அடக்கி வைக்கும் இன்னொரு மரபணு பிளாட்டியிடம் உண்டு, சோர்டு டெயிலிடம் இல்லை. கலப்பு தொடரத் தொடர அந்தக் கட்டு அறுந்துபோகிறது. முதல் தலைமுறையைப் பார்த்துவிட்டு இந்தக் கலப்பு நல்ல கலப்பு என்று யாரும் உறுதி சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. பேரக்குஞ்சுகள் வளரும்வரை குறிப்பேட்டில் எழுதி வைக்காதவர், தாம் எதை விற்கிறோம் என்று அறியாமலே விற்கிறார்.

மீன் விற்கப்படும் பெயருக்கும் உண்டாக்கியவரே பொறுப்பு என்று தொடக்கத்தில் சொன்னேன். அதற்குக் காரணம் உண்டு. மெக்சிகோவின் தெயுச்சித்லான் ஆற்றில் டெக்கீலா மீன் என்று அழைக்கப்படும் ஒரு சிறு மீன் இருந்தது. தன் சொந்த ஆற்றிலேயே அது இல்லாமற்போயிற்று. 1998இல் இங்கிலாந்தின் செஸ்டர் உயிரியல் பூங்கா, மீன் வளர்ப்பில் ஆர்வமுள்ள ஒருவர் கொண்டுவந்த ஐந்து ஜோடிகளை மெக்சிகோவின் மிச்சோவாகன் பல்கலைக்கழகத்துக்கு வழங்கியது. அவற்றின் சந்ததியிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட மீன்கள் மீண்டும் அந்த ஆற்றில் விடப்பட்டன. அவை அங்கே இனப்பெருக்கம் செய்து நிலைபெற்ற செய்தி 2021இல் வெளியானது. நம்மைப்போல் வீட்டில் தொட்டி வைத்திருந்த ஒருவரால் ஓர் ஆறு தன் மீனைத் திரும்பப் பெற்றது. அந்த ஐந்து ஜோடிகளில் அயல் இனத்தின் கலப்பு ஏறியிருந்தால் இது நடந்திருக்காது. இப்போது நம் கடைகளில் 'ஆப்பிரிக்கன் மிக்ஸ்' என்று எழுதி ஒட்டிய தொட்டியை நினைத்துப் பாருங்கள். ஆப்பிரிக்காவிலுள்ள மலாவி ஏரியின் பீக்காக் சிக்லிட்டுகளில் ஆண்கள் இனத்துக்கொரு நிறம்; பெண்களோ எல்லா இனத்திலும் ஒரே சாம்பல் பழுப்பு. ஒரே தொட்டியில் வளர்ந்த பெண் எந்த இனம் என்று வாங்குபவருக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது. யாரும் திட்டமிடாமலே கலப்பு நடந்துவிடுகிறது. அந்தக் குஞ்சுகள் தூய இனத்தின் பெயரில் அடுத்த வீட்டுக்குப் போகின்றன. திட்டமிட்டு உண்டாக்கிய பிளவர்ஹார்னைவிட இந்தச் சத்தமில்லாத கலப்பே எனக்கு அதிகக் கவலை தருகிறது, ஏனென்றால் பிளவர்ஹார்னை யாரும் தூய இனம் என்று நம்பி வாங்குவதில்லை.

சென்னையின் கொளத்தூர் வண்ண மீன் வணிகத்துக்கு நாடறிந்த இடம். மொட்டை மாடியிலும் புழக்கடையிலும் சிமெண்டுத் தொட்டி கட்டிக் குடும்பத்தோடு உழைத்துப் பிழைப்பவர்களை நான் அறிவேன். அவர்களுடைய தொழிலை நிறுத்தச் சொல்ல இங்கே வரவில்லை. கலப்பினம் விற்றால் தொட்டியின் மேல் கலப்பினம் என்றே எழுதுங்கள், தெரிந்தவரை பெற்றோர் இனங்களின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். பீக்காக் பெண்களை இனவாரியாகப் பிரித்து வையுங்கள்; பிரிக்க முடியாமல் போனால் அந்தக் குஞ்சுகளுக்கு இனப்பெயர் சூட்டாதீர்கள். வாயோ முதுகெலும்போ கோணியிருக்கும் மீனைத் தாய்மீனாக வைக்காதீர்கள், அதன் நிறம் எவ்வளவு அழகாக இருந்தாலும். விலை போகாத மீனைப் புழலிலோ செம்பரம்பாக்கத்திலோ பக்கத்துக் கோயில் குளத்திலோ விடுவது இரக்கம் ஆகாது. வளர்க்க இயலாத, யாரும் வாங்கிக்கொள்ளாத குஞ்சை முடித்துத்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், தரையில் போட்டுத் துடிக்கவிடாமல், கிராம்பு எண்ணெயைச் சிறிது நீரில் நன்றாகக் குலுக்கிக் கலந்து, மீன் இருக்கும் பாத்திரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து முதலில் மயங்கச் செய்யுங்கள். பிறகு அளவைக் கூட்டி, செவுள் அசைவு நின்ற பின்னும் பத்து நிமிடமாவது அந்த நீரிலேயே விட்டு வையுங்கள். இது மகிழ்ச்சியான வேலை அல்ல என்பது எனக்கும் தெரியும். ஜோடி சேர்ப்பதற்கு முன்பே இந்த வேலையையும் கணக்கில் எடுத்து, எத்தனை குஞ்சுகளுக்குத் தொட்டியும் தீனியும் இருக்கின்றனவோ அத்தனையை மட்டும் பொரிக்கவிடுங்கள் என்று உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.