செம்பனை ஆலையின் கழிவுக் குளம்

நேயர்களுக்கு வணக்கம். பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் செம்பனைக்கு அறிமுகம் தேவையில்லை; மலேசியாவில் வணிக நோக்கில் செம்பனை முதன்முதலாக 1917ஆம் ஆண்டு நடப்பட்டதே இங்குள்ள தென்னமரம் தோட்டத்தில்தான். ஆயினும், ஆலைக்குப் போகும் ஒரு டன் குலையில் ஏறக்குறைய 200 கிலோதான் எண்ணெயாகிறது என்பதையும், எஞ்சியவற்றில் பெரும்பகுதி எரிபொருளாகவோ உரமாகவோ பயன்படக்கூடியது என்பதையும் நாம் போதிய அளவு பேசியதில்லை.

பழத்தின் நாரும் கொட்டையின் ஓடும் நெடுங்காலமாகவே கொதிகலனில் எரிந்து, ஆலைக்கு வேண்டிய நீராவியையும் மின்சாரத்தையும் தருகின்றன. பழம் உதிர்ந்த வெறுங்குலை அப்படியன்று. அதன் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஈரம். நசுக்கிப் பிழிந்து உலர்த்தி எரித்தாலும், அதிலுள்ள பொட்டாசியம் சாம்பலை இளக்கிக் கொதிகலன் குழாய்களில் கட்டியாகப் படியச் செய்கிறது. அதன் நார்ப்பொருளான செல்லுலோஸைச் சர்க்கரையாக்கி எத்தனால் வடிக்கலாம். ஆனால் அதை இறுகப் பிணைத்திருக்கும் லிக்னின் என்னும் கடினப் பொருளின் பிடியிலிருந்து செல்லுலோஸைப் பிரிப்பதற்கே பெருஞ்செலவாகும். கொதிகலனுக்குக் கேடான அதே பொட்டாசியம் மரத்துக்கு உணவு என்பதால், வெறுங்குலையை மரத்தடியில் பரப்புவதே இன்றைக்குச் சிறந்த வழி என்பது என் உறுதியான கருத்து.

நாம் அதிகம் கவனிக்க வேண்டியது கழிவுநீரை. ஆலையிலிருந்து 80 பாகை செல்சியஸ் அளவிலான சூட்டில் பழுப்புக் குழம்பாக வெளியேறி, குளத்தில் தேங்கி, ஓயாமல் குமிழி விட்டுக்கொண்டிருக்கும் அந்நீரின் நாற்றத்தைத் தோட்டத்து மக்கள் நன்கறிவர். காற்றுப்படாத ஆழத்தில் நுண்ணுயிர்கள் கரிமப் பொருளைச் சிதைப்பதால் எழும் அக்குமிழிகளில் பெருமளவு மீத்தேன் உள்ளது; நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு புவியைச் சூடாக்கவல்லது. குளத்தைத் தடித்த பிளாஸ்டிக் விரிப்பால் மூடினால், ஒரு டன் கழிவுநீருக்கு ஏறத்தாழ 28 கன மீட்டர் உயிரி எரிவாயு (மீத்தேன் நிறைந்த இதே குமிழி வாயு) கிடைக்கும். கந்தகம் கலந்த வாயுவை நீக்கிவிட்டு எந்திரத்துக்குச் செலுத்தினால், அதிலிருந்து ஐம்பது யூனிட் மின்சாரம் எடுக்கலாம். மின்கம்பி எட்டாத தொலைவில் உள்ள ஆலைகள், மீத்தேனைத் தூய்மைப்படுத்தி அழுத்தத்தில் அடைத்து, எரிவாயுவாகவே வெளியே அனுப்ப இயலும். வாயுவை எடுத்தபின் தங்கும் வண்டலும் வீணாவதில்லை. அதில் சத்துகள் எஞ்சியிருப்பதால் உரமாகத் தோட்டத்துக்கே திரும்பலாம்.

2014 முதல் புதிய ஆலைகளுக்கும் விரிவாக்கம் பெறும் ஆலைகளுக்கும் மீத்தேனைப் பிடிக்கும் வசதி கட்டாயமாகியுள்ளது. பழைய ஆலைகளின் திறந்த குளங்களையும் மூடச் செய்வதே அடுத்த வேலை. அதை முதலில் கேட்க வேண்டியவர்கள், அக்குளங்களின் அருகே குடியிருக்கும் நாம்தான்.