முதலில் மீட்டர், பிறகு பர்ஸ்

நேயர்களுக்கு வணக்கம். பழைய கார் ஒன்றை வாங்கி வீட்டிலேயே நிறுத்தி, கையில் காசு சேரச் சேர அதைச் சரிசெய்துகொண்டிருப்பவர்கள் பலர் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். உங்களோடுதான் பேசப்போகிறேன்.

குறைந்த பணத்தில் வேலை பார்க்கும்போது முதல் செலவு பிரேக்குக்கு. இன்ஜினுக்கு இல்லை, சீட்டுக்கு இல்லை, பெயின்டுக்கு இல்லவே இல்லை. வருஷக்கணக்கில் நின்ற வண்டி என்றால் பிரேக் ஆயிலை முழுதாக மாற்றிவிடுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 என்ற ரகப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி சூடு வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அது 155 டிகிரிக்கே இறங்கிவிடக்கூடும். கொதித்து ஆவியானால் பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது.

அடுத்த செலவு ஸ்டாண்டு, அதாவது தூக்கிய காரைத் தாங்கி நிற்கும் இரும்புக் கால். ஜாக்கி தூக்கத்தான், தாங்க அல்ல. செங்கல்லையோ சிமென்ட் கல்லையோ அடுக்கிவிட்டு அடியில் போகாதீர்கள், அது சொல்லாமல் நொறுங்கும். இதை நான் எங்கே பேசினாலும் சொல்வேன், இன்றும் சொல்கிறேன்: ஸ்டாண்டு இல்லாமல் அடியில் போக வேண்டாம்.

சரி, எனக்கு மிகவும் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். எர்த் ஒயர், அதாவது பேட்டரியின் நெகட்டிவை இன்ஜினோடு இணைக்கும் ஒயர். சாவியைத் திருப்பினால், இன்ஜினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் சோம்பலாக முனகும், ஹெட்லைட் மங்கும். உங்களில் பலருக்கு இது பழக்கமான சத்தம்தான். நண்பர் ஒருவரின் காரிலும் இதே கதை. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். பேட்டரியை மாற்றினார். சரியாகவில்லை. செல்ஃப் மோட்டாரையும் மாற்றப் பணம் எடுத்து வைத்திருந்தார்.

வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். பேட்டரியில் 12.6 வோல்ட், அதாவது முழு சார்ஜ். பிறகு மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் இன்னொன்றை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து, அவரைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். 0.2 வோல்ட் அளவில் நிற்க வேண்டிய எண் 2 வோல்ட்டைத் தாண்டியது.

ஏன் என்று சொல்கிறேன். பேட்டரியிலிருந்து கிளம்பும் மின்சாரம் வேலை முடிந்ததும் பேட்டரிக்கே திரும்ப வேண்டும். செல்ஃப் மோட்டாரிலிருந்து திரும்பும் வழி இன்ஜின் பிளாக், அங்கிருந்து அந்த எர்த் ஒயர். மோட்டார் 150 ஆம்பியர் வரை, சிலசமயம் அதற்கு மேலும் இழுக்கும். வழியில் ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே போதும், ஒன்றரை வோல்ட் அங்கேயே போய்விடும். பிளாக்கில் அந்த ஒயரைப் பிடித்திருந்த போல்ட்டைக் கழற்றினோம். வாஷருக்கு அடியில் பழுப்புத் தூள், கீழே எண்ணெய்ப் பிசுக்கு. உப்புத்தாள் போட்டு உலோகம் பளிச்சென்று தெரியும் வரை தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினோம். அதற்குப் பிறகு சாவியைத் திருப்பியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. மோட்டாருக்கு வைத்திருந்த பணம் டயருக்குப் போனது.

அதனால்தான் சொல்கிறேன், அளக்காமல் பாகம் வாங்காதீர்கள். அப்புறம், எர்த்தில் கை வைக்கும்முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ்.

இன்ஜினுக்கும் இதே வழிதான். இழுவை குறைந்தால் உடனே பிரித்துப் போடாதீர்கள், கம்ப்ரஷன் பாருங்கள், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அழுத்தம் வருகிறது என்று கேஜ் வைத்து அளந்து பாருங்கள். ஒரு சிலிண்டரில் மட்டும் குறைவாக இருந்தால் அதில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் பெரும்பாலும் பிஸ்டன் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வையோ, பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட்டையோ சந்தேகப்படலாம்.

துருவைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இறுகிய போல்ட்டுக்குத் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் முதலில் இம்மியளவு இறுக்கி, பிறகு தளர்த்துங்கள். பாடியில் காந்தத்தை மெதுவாக நகர்த்துங்கள். இரும்புத் தகட்டில் அது ஒட்டாத இடத்தில், பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டி தடிமனாக இருக்கிறது, அடியில் துரு இருக்கலாம். பெயின்டுக்கு முன் அந்த இடத்தைச் சுரண்டிப் பார்த்துவிடுங்கள். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிடாதீர்கள், புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.