மரத்தோடு நிலத்துக்காரரையும் சேர்த்து ஆராய்வது

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

தனியார் நிலத்தில் இயற்கையைக் காப்பதைப் பல துறையினர் சேர்ந்து எப்படி ஆராய்வது என்ற பேச்சை ஒரு மரங்கொத்தியிலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்காவின் தென்கிழக்கில், நீள ஊசியிலைப் பைன் காடுகளில் 'ரெட் காக்கேடட்' என்றொரு மரங்கொத்தி உண்டு. பட்டுப்போன மரத்தை விட்டுவிட்டு, உயிரோடு நிற்கும் பைனில்தான் பொந்து குடையும். ஒரு பொந்து முடிய ஓராண்டும் ஆகலாம், பல ஆண்டும் ஆகலாம். மரம் முதிர்ந்து, வைரம் பாய்ந்த நடுப்பகுதி பூஞ்சை தாக்கி இளகியிருக்க வேண்டும். 80 வயதைத் தாண்டிய மரங்களில்தான் பெரும்பாலும் அது வாய்க்கும். பொந்தைச் சுற்றிப் பட்டையைக் கொத்திக்கொண்டே இருக்கும். வழிகிற பிசின் மரமேறும் பாம்பைத் தடுக்கிறது.

இதுவரை பறவையியல் போதும். இனி போதாது.

1973-இல் வந்த அருகிவரும் உயிரினங்கள் சட்டப்படி, இந்தப் பறவை குடியேறிய மரத்தை நிலத்துக்காரர் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. அவர் என்ன நினைப்பார்? மரம் கிழமாகட்டும் என்று விட்டால் பறவை வரும், பறவை வந்தால் கோடரி நிற்கும், ஆகவே இளசாக இருக்கும்போதே வெட்டிவிடுவோம். டீன் லூயெக், ஜெஃப்ரி மைக்கேல் என்ற பொருளியலாளர்கள் வட கரோலினாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட காட்டு மனைகளை ஆராய்ந்து 2003-இல் வெளியிட்ட முடிவும் இதுதான்: பறவைக் கூட்டங்களுக்கு அருகில் இருக்கும் மனைகளில் வெட்டுவது அதிகம், வெட்டும் வயதும் குறைவு. காக்க வந்த சட்டமே மரத்தைச் சீக்கிரம் சாய்த்திருக்கிறது. பறவைகளை மட்டும் எண்ணியவருக்கு இது வெறும் 'வாழிட இழப்பு' என்றே தெரிந்திருக்கும்.

1995-இல் அதே மாநிலத்தின் சாண்ட்ஹில்ஸ் பகுதியில் 'பாதுகாப்புத் துறைமுகம்' என்ற ஒப்பந்தம் வந்தது. கையெழுத்திடும் நாளில் நிலத்தில் எத்தனை பறவைக் குழுக்கள் என்று எண்ணி எழுதிவிடுவார்கள். அந்த எண்ணிக்கையை நிலத்துக்காரர் காக்க வேண்டும். அவர் பராமரிப்பால் அதற்கு மேல் கூடினால் கூடுதல் கட்டுப்பாடு கிடையாது. எண்ணியவர் உயிரியலாளர், உறுதிமொழியின் வாசகத்தை எழுதியவர் வழக்கறிஞர், பயம் எங்கே என்று காட்டுவது பொருளியல். ஒருவர் இல்லாவிட்டாலும் அந்தத் தாள் செல்லாது.

பல துறை ஆய்வு என்று பெயர் வைத்துக்கொண்டு நடப்பதோ வேறு. சூழலியலாளர்கள் இரண்டு ஆண்டு களப்பணி முடித்துவிட்டு, கடைசி ஆறு மாதத்துக்குச் சமூகவியலாளரைக் கூப்பிடுகிறார்கள். அவர் பேட்டி எடுக்கும் குடும்பங்கள் ஒரு பக்கம், செடி எண்ண நிலத்தில் அளந்து போட்ட சதுரங்கள் இன்னொரு பக்கம். இரண்டு அட்டவணையையும் எந்தப் புள்ளியியலும் இணைக்காது. எனவே முதல் விதி: ஆய்வின் அலகு ஒரே உடைமையாக, அதாவது ஓர் உரிமையாளரின் நிலமாக இருக்கட்டும். எந்த நிலத்தில் சதுரம் போடுகிறோமோ, அந்த நிலத்துக்காரரிடமே பேட்டி. பேட்டி முன்னால், கணக்கெடுப்பு பின்னால். எந்த மூலையை எரிக்கிறார், எதை மேயவிடுகிறார் என்பது தெரிந்தால்தான் சதுரத்தை எங்கே போடுவது என்று புரியும்.

செயற்கைக்கோள் படத்தை நம்பி இறங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. லேண்ட்சாட் செயற்கைக்கோளின் ஒரு படப்புள்ளி 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது 900 சதுர மீட்டர். 5 மீட்டர் அகல உயிர்வேலி அதற்குள் கரைந்துபோகும். 10 மீட்டர் புள்ளி தரும் சென்டினல்-2 கூட அதைப் பக்கத்து வயலோடு கலந்தே காட்டும். சிறு உடைமைகளில் காக்க வேண்டியது பெரும்பாலும் அந்த வேலியும் வாய்க்கால் கரையும்தான். அதற்கு நடந்தே போக வேண்டும்.

அடுத்தது ஒப்பீடு. நெதர்லாந்தில் 78 ஜோடி வயல்களை எடுத்து, பாதுகாப்பு ஒப்பந்தம் உள்ளதையும் இல்லாததையும் ஒப்பிட்ட ஆய்வு 2001-இல் வந்தது. செடி வகைகள் கூடவில்லை. கரைப்பறவைகளில் அதிகம் காணப்படும் நான்கு இனங்களும் ஒப்பந்த வயல்களில் குறைவாகவே தென்பட்டன. திட்டம் தோற்றதா, அல்லது முதலிலேயே சோடையான வயலைத்தான் உழவர்கள் ஒப்பந்தத்தில் சேர்த்தார்களா? ஒப்பந்தத்துக்கு முன் எடுத்த கணக்கு இருந்தால்தான் இதற்கு விடை கிடைக்கும். சேர்ந்த நிலம், சேராத நிலம் இரண்டிலும் முன்னும் பின்னும் அளவெடுங்கள். ஒரு பருவத்தில் மூன்று முறையாவது போங்கள். ஒருமுறை போய்ப் பறவையைக் காணவில்லை என்பதால் அது அங்கே இல்லை என்றாகிவிடாது.

அனுமதி என்ற சல்லடையையும் மறக்கக் கூடாது. 200 பேருக்கு எழுதி 60 பேர் கதவு திறந்தால், அந்த 60 பேர் இயற்கை மேல் ஏற்கெனவே பிரியம் உள்ளவர்களாக இருக்கக்கூடும். மறுத்த 140 நிலங்களின் மரப்போர்வையையாவது செயற்கைக்கோள் படத்தில் ஒப்பிட்டு, நம் மாதிரி எவ்வளவு ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்று எழுதுங்கள். மறுத்தவர்களின் அச்சம் பெரும்பாலும் நியாயமானது: அரிய உயிரின் இருப்பிடம் வெளியானால் வேட்டைக்காரரும் வருவார், அதிகாரியும் வருவார். அதனால் இட விவரத்தை ஒரு கோப்பிலும் பேட்டியை இன்னொன்றிலும் வையுங்கள். தரவை யாரிடம் காட்டுவோம், யாரிடம் காட்ட மாட்டோம் என்பதை நிலத்துக்குள் கால் வைக்குமுன் எழுத்தில் கொடுங்கள். கணக்கு முடிந்ததும் முதல் பிரதி நிலத்துக்காரருக்குப் போகட்டும்.

கடைசியாக, காலம். ஆய்வு நிதி மூன்று ஆண்டு, ஒப்பந்தம் பத்து ஆண்டு, அந்தப் பைனுக்கு எண்பது ஆண்டு. இடையில் நிலம் கைமாறும், பாகம் பிரியும். ஒப்பந்தம் ஆளோடு போகிறதா, பத்திரத்தில் ஏறி நிலத்தோடு நிற்கிறதா என்று முதல் நாளே சட்டம் தெரிந்தவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். புது உரிமையாளர் வந்த முதல் ஆண்டிலேயே மறுபடி பேட்டி எடுங்கள். பழைய சதுரங்களின் மூலைக்கல் எங்கே இருக்கிறது என்று அவருக்கும் காட்டிவிடுங்கள்.