பாதி கேட்டாங்க, குடுக்கல: டாலி பார்ட்டன் பத்தி ஒரு பட்டிமன்றப் பேச்சு

நடுவர் ஐயாவுக்கு வணக்கம், ரெண்டு அணிக்கும் வணக்கம், தூங்கற குழந்தைய தோள்ல போட்டுக்கிட்டு கடைசி வரிசையில நிக்கறீங்களே, உங்களுக்கும் சேத்து வணக்கம். டாலி பார்ட்டன், இந்த அமெரிக்காவோட கிராமியப் பாட்டான 'கன்ட்ரி' பாட்டுகள எழுதிப் பாடறவங்க. அவங்கள உயரத்துல வச்சது குரலா பேனாவான்னு தலைப்பு. நான் பேனா பக்கம். முன்னுரை முடிஞ்சுது.

எனக்கு முன்னாடி பேசின அண்ணன் ஒரு வார்த்தை விட்டுட்டுப் போனாரு, ஹாலே அதிர்ந்துச்சு. "பேனா எழுதும்யா, ஆனா பாடுமா? பாடகி விட்னி ஹூஸ்டன் தொண்டை மட்டும் இல்லைன்னா டாலி எழுதின அந்த 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' இந்த டென்னசி மலையிலயே மக்கிப் போயிருக்கும்"னாரு. நானும் கேட்டேன், நீங்க தட்டின கைத்தட்டலையும் கேட்டேன். அண்ணே, அந்தக் கைத்தட்டல பத்திரமா வச்சிருங்க, அத வாங்கிட்டுப் போகத்தான் வந்திருக்கேன்.

மொதல்ல அந்தப் பாட்டு எப்படி வந்துச்சுன்னு பாப்போம். 1967ல இருந்து போர்ட்டர் வேகனரோட டிவி ஷோவுல டாலி பாடிட்டு இருக்காங்க. அந்த மனுஷன் பெரிய ஸ்டாரு, இந்தப் பொண்ண வீடு வீடா கொண்டு போய் சேத்தவரு. ஆறேழு வருஷம் ஆச்சு, தனியா போகணும்னு டாலிக்குத் தோணுது, அவரு விட மாட்டேங்கறாரு. தெனம் வாக்குவாதம். பேசிப் புரிய வைக்க முடியலங்க. என்ன பண்ணாங்க? வீட்டுக்குப் போனாங்க, உக்காந்தாங்க, எழுதினாங்க. மறுநாள் காலையில அவரோட ஆபீஸுக்கே போயி, அவர உக்கார வச்சு, எதிர்ல நின்னு பாடினாங்க. அவரு அழுதுட்டாரு. நீ எழுதினதுலயே இதுதான் உசத்தி, போ, ஆனா இந்தப் பாட்ட நான்தான் ப்ரொட்யூஸ் பண்ணுவேன்னாரு. வாயால ஆகாத வேலை எழுத்தால ஆச்சா இல்லையா? நடுவர் ஐயா, இத மட்டும் குறிச்சு வச்சுக்கங்க.

மலையிலயே மக்கிப் போயிருக்கும்னீங்களே அண்ணே, 1974ல அது கன்ட்ரி சார்ட்ல நம்பர் ஒன். 1982ல அதையே ஒரு படத்துக்காக திரும்பப் பாடினாங்க, மறுபடியும் நம்பர் ஒன். விட்னி பாடினது 1992. கணக்கு நீங்களே போட்டுக்கங்க.

இப்ப வர்றேன் எல்விஸ் கதைக்கு. இத நான் கொஞ்சம் நிதானமா சொல்றேன், நடுவர் மணி அடிச்சாலும் பரவாயில்ல.

எல்விஸ் பிரெஸ்லி. ஊரு ஒலகம் பூரா பைத்தியமா திரிஞ்ச எல்விஸ். அவருக்கு இந்தப் பாட்டு புடிச்சுப் போச்சு, ரெக்கார்ட் பண்ணப் போறாரு, ஸ்டூடியோவுக்கு வாங்கன்னு டாலிக்கு சேதி வருது. மலையடிவாரத்துல ஒத்த ரூம் குடிசையில பன்னெண்டு புள்ளைங்கள்ல ஒண்ணா வளந்த பொண்ணுங்க. எல்விஸ் என் பாட்ட பாடப் போறாருன்னு தெரிஞ்சவங்க கிட்ட எல்லாம் சொல்லியாச்சு. எப்படி இருந்திருக்கும்! நாளைக்கு ரெக்கார்டிங்னா இன்னைக்கு ராத்திரி தூக்கம் வருமா? அந்த நேரத்துல ஃபோன் அடிக்குது. எல்விஸோட மேனேஜர், கர்னல் டாம் பார்க்கர். எங்க ஆளு எந்தப் பாட்ட பாடினாலும் அதோட பப்ளிஷிங்ல, அதாவது எழுதின பாட்டோட உரிமையில, பாதி எங்களுக்கு வந்தாகணும், அதான் எங்க வழக்கங்கறாரு.

பாதி. நல்லா கவனிங்க, எல்விஸ் எழுதல, ஒரு எழுத்து கூட எழுதல, பாடறதுக்குக் கூலியா எழுத்துல பாதி கேக்கறாங்க. நம்ம யாரா இருந்தாலும் என்ன பண்ணியிருப்போம்? எல்விஸுங்க! பாதி என்ன, முழுசா எடுத்துட்டுப் போங்கன்னு சொல்லியிருப்போமா இல்லையா? சுத்தி இருந்தவங்க எல்லாம் உனக்கென்ன பைத்தியமான்னுதான் கேட்டாங்க. அந்தம்மா முடியாதுன்னுட்டாங்க. ஃபோன வச்சாங்க. வச்சுட்டு ராத்திரி பூரா அழுதாங்க.

அந்த அழுகைய கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. திமிர்ல சொன்ன முடியாது இல்ல அது. ஆசை நெஞ்ச அடைக்குது, வேணும் வேணும்னு கெடந்து தவிக்குது, ஆனா கை மட்டும் பேப்பர விடல. நாம எழுதினது நம்ம குடும்பத்துக்குப் போய் சேரணும், இன்னொருத்தர் பேருக்குப் பாதிய எழுதிக் குடுக்க மாட்டேன். எல்விஸ் அந்தப் பாட்ட ரெக்கார்ட் பண்ணவே இல்ல. 1977ல செத்தும் போயிட்டாரு. குரலுக்குக் குரல் ராஜா, அவரே வந்து நின்னாரு, பேனா வழி விடல.

இன்னொரு தரம் சொல்றேன், பின்னாடி சாப்பாடு எடுத்து வைக்கறவங்களுக்கும் கேக்கட்டும். ராஜா வந்து நின்னாரு! பேனா வழி விடல!

இப்ப அண்ணனோட விட்னிக்கு வருவோம். அந்தத் தொண்டைய நான் குறை சொல்ல மாட்டேன், குறை சொன்னா நாக்கு அழுகிடும். 1992ல 'தி பாடிகார்ட்' படம், இந்த நாட்டோட ஹிட் பாட்டு வரிசையான பில்போர்ட் ஹாட் 100ல பதினாலு வாரம் மொதல் எடம். ஆனா ஸ்டூடியோவுல என்ன நடந்துச்சு தெரியுமா? அவங்க கையில இருந்தது லிண்டா ரான்ஸ்டாட்ங்கற இன்னொரு பாடகி பாடின பதிப்பு, அதுல கடைசி சரணம் இல்ல. ப்ரொட்யூசர் டேவிட் ஃபாஸ்டர் டாலிக்கு ஃபோன் போட்டாரு, அப்பதான் இன்னொரு சரணம் இருக்கறதே தெரியுது, டாலி அத ஃபோன்லயே சொல்ல சொல்ல இவரு எழுதிக்கிட்டாரு. அண்ணே, ஒலகத்தோட பெரிய தொண்டை ரெடியா காத்துக்கிட்டு இருக்கு, பாட்டு முடியணும்னா பேனாவுக்குத்தான் ஃபோன் போட வேண்டியிருக்கு!

அந்தப் பாட்டு ரேடியோவுல வந்தப்போ டாலி கார் ஓட்டிட்டு போயிட்டு இருக்காங்க. நம்ம பாட்டு மாதிரி இருக்கேன்னு கேக்கறதுக்குள்ள விட்னி அந்த உச்சிக்குப் போறாங்க, இவங்களால ஓட்ட முடியல, வண்டிய ஓரங்கட்டிட்டாங்க, இடிச்சிருப்பேன்னு அவங்களே சொல்லியிருக்காங்க. பாதிய அன்னைக்குக் குடுத்திருந்தா அந்த ஓரத்துல உக்காந்து என்ன நெனச்சிருப்பாங்க? இந்த நாட்டுல ஏஎம், எஃப்எம் ரேடியோவுல ஒரு பாட்டு ஓடினா காசு எழுதினவங்களுக்கும் பப்ளிஷருக்கும்தான், பாடினவங்களுக்கு ரேடியோ காசு கெடையாது. விட்னிக்குக் கெடையாதுங்க, அது நியாயமான்னா எனக்கே நியாயமா படல, ஆனா அதுதான் இங்க சட்டம், பேனாவோட பலம் அங்க தெரியுது. டாலியும் அந்தக் காச, கன்ட்ரி பாட்டுக்குத் தலைநகரமான நாஷ்வில்ல கறுப்பின மக்கள் வாழ்ற பகுதியில ஒரு கட்டடம் வாங்கிப் போட்டாங்க, இது விட்னி கட்டின வீடுன்னு வாய் நெறைய சொன்னாங்க.

இன்னொரு பாயின்ட் இருக்கு, சீக்கிரம் சொல்லிடறேன். 1964ல ஸ்கூல் முடிச்ச மறுநாளே நாஷ்வில் பஸ் ஏறின பொண்ணு இது. ரெக்கார்ட் கம்பெனிக்காரங்க இந்தக் குரல் கன்ட்ரிக்கு ஒத்து வராதுன்னு பாப் பாட்டு பாட விட்டாங்க. அப்புறம் மாமா பில் ஓவன்ஸோட சேந்து எழுதின ஒரு பாட்ட 1966ல இன்னொருத்தர் பாடி ஹிட் ஆச்சு, அதுக்கப்புறம்தான் சரி, கன்ட்ரியே பாடும்மான்னு விட்டாங்க. குரலுக்கே கதவ தொறந்து விட்டது எழுத்துதான். போதும், இதுக்கு மேல வாதம் பண்ண எனக்கு மனசில்ல, வேற ஒண்ணு சொல்லணும்.

அந்தம்மாவுக்கு சின்ன வயசுல குளிருக்குப் போட கோட்டு இல்ல. அம்மா கந்தல் துணி பொறுக்கி, கலர் கலரா ஒட்டுப் போட்டுத் தச்சாங்க, தைக்கும்போதே பைபிள்ல வர்ற யோசேப்போட பலவர்ண அங்கி கதைய சொன்னாங்க. பொண்ணு பெருமையா போட்டுட்டுப் போச்சு, ஸ்கூல்ல பசங்க சிரிச்சாங்க. அத பாட்டா எழுதினாங்களே, எங்க எழுதினாங்க? டூர் பஸ்ல, 1969ல, எழுதப் பேப்பர் கெடைக்காம, வேகனர் கோட்டு சலவைக்குப் போட்ட ரசீது பின்னாடி. சலவை ரசீதுங்க! அந்தப் பாட்டு வந்து அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் அழ வைக்குது.

இன்னொண்ணு. என் பொண்ணு பொறந்தப்போ இந்த ஊர்ல எங்களுக்கு யாரும் கெடையாது, நானும் அவரும் மட்டும்தான். லெட்டர் பாக்ஸ தொறந்தா பில்லுதான் இருக்கும். ஒரு நாள் ஒரு புத்தகம் கெடக்குது, மேல லேபிள்ல என் பொண்ணு பேரு. என் பேரு இல்ல, அவர் பேரு இல்ல, கைக்கொழந்தை பேரு. இந்த நாட்டுல அவ பேருக்கு வந்த மொத தபால் அதுதான். மாசம் ஒண்ணு, அஞ்சு வயசு வரைக்கும், காசு கெடையாது. இங்க உக்காந்திருக்கற எத்தன வீட்டுக்கு அது வருது, கை தூக்குங்க பாப்போம். பாத்தீங்களா ஐயா! 1995ல தான் பொறந்து வளந்த சீவியர் கவுன்டி புள்ளைங்களுக்குன்னு டாலி ஆரம்பிச்ச இலவசப் புத்தகத் திட்டம் அது, இப்ப பல நாட்டுக்குப் போகுது, இருபது கோடி புத்தகம் தாண்டிருச்சு.

எதுக்கு ஆரம்பிச்சாங்க? அப்பாவுக்காக. ராபர்ட் லீ பார்ட்டன், புகையிலை விவசாயி, எழுதப் படிக்கத் தெரியாது. மூவாயிரம் பாட்டு எழுதினேன்னு சொல்ற பொண்ணோட அப்பா அதுல ஒரு வரி படிச்சதில்லைங்க. ஆனா மக பாட்டு ரேடியோவுல வந்ததவிட, புள்ளைங்க அவள 'புக் லேடி'ன்னு கூப்பிடறதுதான் அவருக்குப் பெருமையா இருந்துச்சாம்.

சீவியர்வில் கோர்ட் வாசல்ல 1987ல டாலிக்கு செல வச்சாங்க. போனா பாருங்க, பாறை மேல வெறுங்காலோட, கையில கித்தார், சிரிச்ச மொகமா உக்காந்திருக்கும். அப்பா செத்ததுக்கு அப்புறம்தான் கூடப் பொறந்தவரு ஒருத்தர் டாலி கிட்ட சொன்னாராம். ராத்திரி ஊர் அடங்கினதும் அப்பா ட்ரக் பின்னாடி ஒரு டிரம் நெறைய சோப்புத் தண்ணியும் ஒரு தொடப்பமும் வச்சுக்கிட்டு கெளம்பிடுவாராம். அந்த செலை மேல புறா போட்ட எச்சத்தையெல்லாம் தேச்சுத் தேச்சுக் கழுவிட்டு, யாருகிட்டயும் சொல்லாம வீட்டுக்கு வந்துருவாராம்.

ஐயா, எனக்கு இதுக்கு மேல பேச்சு வரல. நன்றி, வணக்கம்.