கடைக் கண்ணாடி வெளிச்சத்தில் ஒரு முகம்

நேயர்களுக்கு வணக்கம்.

பாரிஸின் ஷான்ஸ் எலிசே சாலை. இரவு. வருவதாகச் சொன்ன காதலன் வரவில்லை. அவனைத் தேடி ஒரு பெண் நடந்துகொண்டே இருக்கிறாள். லூயி மால் இயக்கி 1958-இல் வெளிவந்த 'தூக்குமேடைக்கு ஒரு லிஃப்ட்' படத்தின் காட்சி இது. அந்தப் பெண்ணாக நடித்தவர்தான் பிரெஞ்சு நடிகை ழான் மோரோ.

அவர் அப்போது புதுமுகம் இல்லை. 1928-இல் பாரிஸில் பிறந்து, இருபது வயதுக்குள்ளேயே பிரான்ஸின் பெருமைமிக்க கொமெதி ஃப்ரான்சேஸ் நாடகக் குழுவில் சேர்ந்தவர். மேடையில் கொண்டாடினார்கள். சினிமாவிலோ, இந்த முகம் கேமராவுக்கு எடுபடாது என்று முடிவு கட்டி, மேக்கப்பை அப்பி, விளக்குகளைக் கொட்டி, கண்ணுக்குக் கீழுள்ள நிழலையெல்லாம் அழித்தார்கள். நிழல் போனதும் முகத்தின் உணர்ச்சியும் சேர்ந்தே போனது.

லூயி மாலும் ஒளிப்பதிவாளர் ஆன்ரி தெக்காவும் இதைத் தலைகீழாக்கினார்கள். அந்தத் தெருக்காட்சிக்கு மேக்கப் இல்லை, சினிமா விளக்கும் இல்லை. குறைந்த வெளிச்சத்திலும் பதிவாகும் ட்ரை-எக்ஸ் ஃபிலிம். கேமராவைக் குழந்தையைத் தள்ளிப்போகும் வண்டியில் வைத்து உருட்டிக்கொண்டு போனார்கள். ஒரு கடையைத் தாண்டும்போது கண்ணாடி வழியாக வரும் வெளிச்சம் ஒரு கன்னத்தைத் தொடும். அடுத்த கடை வருவதற்குள் கண்கள் இருட்டில் மூழ்கிவிடும். கீழ்நோக்கி வளைந்த உதடு மட்டும் தெரியும். அவள் நம்பிக்கை வருவதும் போவதும் அந்த வெளிச்சத்திலேயே நமக்குப் புரிந்துவிடுகிறது.

ஃபிலிமைக் கழுவிய லேப் ஊழியர்கள் பதறி, இவர்கள் மோரோவின் முகத்தைப் பாழாக்குகிறார்கள் என்று தயாரிப்பாளரிடமே முறையிட்டார்கள். பிரெஞ்சு சினிமாவுக்கு ஒரு நட்சத்திரத்தைக் கொடுத்தது அதே முகம்தான்.

அந்த நடைக்கு ட்ரம்பெட் வாசித்தவர் அமெரிக்க ஜாஸ் இசைக்கலைஞர் மைல்ஸ் டேவிஸ். 1957 டிசம்பர் 4 இரவு, படத்தின் காட்சிகளைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தபடியே, விடிவதற்குள் இசையை முடித்துக் கொடுத்தார்.

பிறகு ஏறுமுகம்தான். 1960-இல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது. 1962-இல் இயக்குநர் த்ரூஃபோவின் 'ஜூல் எ ஜிம்' படம். அதில் 'சுழல்' பாட்டைப் பாடும்போது வரிகள் இடம் மாறிப்போகின்றன. கையைச் சுழற்றிச் சைகை காட்டிவிட்டுப் பாட்டைத் தொடர்கிறார். அந்த டேக்கையே த்ரூஃபோ படத்தில் வைத்தார். திருத்தி எடுத்திருந்தால் அந்த உயிர் வந்திருக்காது என்றே நினைக்கிறேன். அம்மா இங்கிலாந்துக்காரர் என்பதால் ஆங்கிலமும் சரளம். அமெரிக்க இயக்குநர் ஆர்சன் வெல்ஸின் படங்களில் அது கைகொடுத்தது. இரண்டு கதைப்படங்களை இயக்கினார். 1975, 1995 என இருமுறை கான் நடுவர் குழுவுக்குத் தலைமை தாங்கினார். 2017 ஜூலை 31-இல், 89 வயதில் காலமானார்.

முதலில் சொன்ன படத்தைப் பார்க்கப் போகிறீர்களா? அறை விளக்கை அணைத்துவிடுங்கள். டிவியில் பிரைட்னஸைக் கூட்டாதீர்கள். கூட்டினால் கறுப்பு சாம்பலாகிவிடும், கடைக்கும் கடைக்கும் நடுவில் அவர் முகம் மறைவதே தெரியாமல் போய்விடும்.