அரை அங்குலத்தில் நின்ற அலமாரி

நேயர்களுக்கு வணக்கம். முப்பது வருடமாக மரவேலை செய்கிறேன். வீட்டுக்குப் பெரிய மர அலமாரி செய்வதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் சொதப்பிய ஒன்றிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

தனியாக வேலை எடுத்த புதிது. ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவரின் வீடு. புத்தகமும் துணிமணியும் சேர்த்து வைக்கிற மாதிரி சுவர் முழுக்க அலமாரி, மேலே தூசி தங்க இடமே இருக்கக் கூடாது என்றார். தரையிலிருந்து மேல்தளம் வரை அளந்தேன். 9 அடி 10 அங்குலம். இரண்டு அங்குலம் விட்டு, 9 அடி 8 அங்குலத்துக்கு அலமாரி, ஆழம் 2 அடி. அறைக்குள்ளேயே தரையில் படுக்கப் போட்டுக் கூட்டி முடித்தோம். நான்கு பேர் தலைப்பக்கம் பிடித்துத் தூக்கினோம். எழுந்துகொண்டே வந்தது, அப்புறம் முன்பக்க மேல்மூலை தளத்தில் டக்கென்று இடித்து நின்றுவிட்டது. அரை அங்குலம்தான் இடிக்கிறது. தளத்தையா செதுக்க முடியும்?

படுத்திருக்கும் பெட்டியை நிமிர்த்தும்போது அதன் உயரம் மட்டும் எழுவதில்லை, மூலைக்கு மூலை உள்ள கர்ணமும் எழுகிறது. உயரம் 116 அங்குலம், ஆழம் 24 அங்குலம் என்றால் கர்ணம் கிட்டத்தட்ட 118 அரை. அறையின் உயரம் 118. இதை அப்போது நான் யோசிக்கவே இல்லை.

ஐயா சும்மா இருக்கவில்லை. "கர்ணத்துக்கு நம்மிடம் செய்யுளே இருக்கிறதே தம்பி. நீளத்தை எட்டுக் கூறாக்கி ஒரு கூறைத் தள்ளு, மிச்சத்தோடு குன்றத்தில் பாதியைச் சேர்" என்றார். நீளம் என்றால் பெரிய பக்கம், 116; குன்றம் என்றால் சின்னப் பக்கம், 24. பலகையிலேயே பென்சிலால் போட்டுப் பார்த்தேன். 113 அரை வந்தது. அலமாரியின் உயரமே 116, கர்ணம் அதைவிடக் குறைவாக எப்படி இருக்கும்? அந்தக் கணக்கு பக்கங்கள் 3க்கு 4, 5க்கு 12 என்றால் அச்சாக வரும். ஒல்லியாக உயர்ந்த அலமாரிக்குக் கவிழ்த்துவிடும். இருவரும் சிரித்துவிட்டோம், எனக்குக் கொஞ்சம் அழுகையும் வந்தது.

கடைசியில் அடியில் நான்கு அங்குலத்தை ரம்பத்தால் அறுத்துத் தனிப் பீடமாக்கினோம். மேல்பகுதி 112 அங்குலமாயிற்று, சுலபமாக நிமிர்ந்தது. அப்படியே நாலு பேரும் தூக்கிப் பிடிக்க, பீடத்தை அடியில் தள்ளினோம். அறுத்த கோடு தெரியாமல் ஒரு பீடிங், அதாவது மெல்லிய மரப்பட்டி, அடித்தேன். அதை வேலைப்பாடு என்று நினைத்து, தங்களுக்கும் வேண்டும் என்று கேட்டவர்கள் உண்டு.

அன்றிலிருந்து பெரிய அலமாரியை ஒரே உருப்படியாக நான் செய்வதில்லை. பீடம் தனி, பெட்டிகள் இரண்டோ மூன்றோ தனி, மேல் சட்டம் தனி. உள்ளே கொண்டுபோய் ஒன்றோடொன்று திருகாணி போட்டுக்கொள்ளலாம். அளவும் சுவரில் தொடங்குவதில்லை. தெருவில் தொடங்கி, மாடிப்படித் திருப்பம், லிஃப்ட், அறைக் கதவு என்று வந்து கடைசியில்தான் சுவர். பீடம் இருப்பதில் இன்னொரு நன்மை, வீடு கழுவும் தண்ணீர் மரத்தின் அடியில் ஊறாது. பின்பக்கம் சுவரை ஒட்டாமல் ஒரு அங்குலம் விட்டால் ஈரம் ஏறாது, கரையான் வந்தாலும் கண்ணில் படும்.

மரத்துக்கு வருவோம். ஒரு அங்குலப் பலகை என்று கன அடிக் கணக்கில் காசு கொடுப்பீர்கள், இழைத்த பிறகு முக்கால் அங்குலம்தான் மிஞ்சும். அது திருட்டு இல்லை, மரத்தூளாகப் போனது. பழைய வீடு இடித்த தேக்கு கிடைத்தால் விடாதீர்கள், நன்றாகக் காய்ந்திருக்கும். ஆனால் இழைக்குமுன் காந்தத்தை வைத்துத் தடவிப் பார்க்க வேண்டும். ஒளிந்திருக்கும் ஒரு ஆணி போதும், மெஷின் பிளேடு போய்விடும். பக்கங்களுக்கும் முதுகுக்கும் நல்ல பிளைவுட் போட்டால் நான் ஆட்சேபிக்க மாட்டேன். கதவு மட்டும் மரமாக இருக்கட்டும். தினமும் கை படுவது அதில்தானே.

கதவில் ஒரு சூட்சுமம். மரம் நீளவாக்கில் அவ்வளவாக அசையாது, குறுக்குவாக்கில் அசையும். 18 அங்குல அகலப் பலகை ஒன்று சித்திரைக்கும் ஐப்பசிக்கும் இடையில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடிக் குறையும். அதனால்தான் சுற்றிலும் சட்டம் கூட்டி, உள்பக்கம் காடி, அதாவது நீளப் பள்ளம், எடுத்து, அதற்குள் பலகையைப் பசை போடாமல் சும்மா நிறுத்துகிறோம். சட்டங்கள் ஒன்றில் ஒன்று செருகும் கழுந்துக்கும் துளைக்கும் பசை உண்டு, காடிக்குக் கிடையாது. சிலர் உறுதி என்று நினைத்துக் காடியிலும் பசையை ஊற்றுவார்கள். முதல் கோடையிலேயே பலகை நடுவில் பிளந்துகொள்ளும்.

புத்தகத் தட்டுகளை நீளமாகக் கேட்காதீர்கள். அதே பலகையில் அதே மாதிரி புத்தகம் அடுக்கி, தாங்குகிற இடைவெளியை மட்டும் இரட்டிப்பாக்கினால் தொய்வு இரண்டு மடங்கு ஆகாது, 16 மடங்கு ஆகும். இரண்டரை அடிக்கு ஒரு நடுப்பலகை கொடுத்துவிட்டால் கவலையில்லை.

நிறுத்தும்போது ரசமட்டம் வைத்துப் பீடத்தைச் சமன் செய்யுங்கள். நம் வீட்டுத் தரை எதுவும் மட்டமில்லை. ஒரு மூலை இறங்கினால் பெட்டி திருகிக்கொள்ளும், கதவுகள் ஒன்றுக்கொன்று ஏறி இறங்கி நிற்கும். மூலையில் மெல்லிய மரச் சில் ஒன்று செருகினால் சரியாகும் விஷயத்துக்குக் கீல்களைக் கழற்றி அவதிப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்புறம், ஐப்பசி மழையில் கதவு உரசினால் உடனே இழைப்புளியோடு வரச் சொல்லி ஆசாரிக்குப் போன் போடாதீர்கள். தை பிறக்கட்டும். அப்போதும் உரசினால் கூப்பிடுங்கள், வந்து பார்க்கிறேன்.