வாயில் பிள்ளை வைத்திருந்தவன்

வணக்கம் நேயர்களே. தூண்டிலைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். எந்த மீனுக்கு எந்த இரை என்று சொல்வேன் என நினைத்து வானொலியைத் திருகியவர்கள் மன்னிக்க வேண்டும். பிடித்த மீனைத் திரும்ப விடுவதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

"புடிச்சதை எதுக்கு விடணும்?" என் வீட்டிலேயே கேட்கிறார்கள். நானும் மீன் தின்கிறவன்தான். நாலு கிழங்கான் கிடைத்தால் அன்று ராத்திரி வறுவல். ஆனால் கரையில் நின்று தூண்டில் வீசுகிறவனுக்கு வேண்டாததும் வரும். விரல் நீளத்துக்குப் பாறைக்குஞ்சு வரும். பேத்தை வந்து வயிற்றை உப்பிக்கொண்டு நம்மை முறைக்கும். அதைக் காலால் அலைக்குள் எத்திவிட்டு 'விட்டாச்சு' என்கிறார்கள். அதற்குப் பெயர் விடுவது இல்லை, எறிவது.

நானும் எறிந்தவன்தான். சென்னைக்குத் தெற்கே கோவளத்தில், ஒரு விடியற்காலை. தூண்டிலைச் சுற்றி இழுக்கும்போது கனமாக ஏதோ மாட்டியது. கடல் கெளுத்தி. வேடிக்கை என்னவென்றால் தூண்டில் முள் வாயில் இல்லை, விலாவில் குத்தியிருந்தது. அது இரையைத் தொடவே இல்லை, போகிற வழியில் மாட்டிக்கொண்டது. கெளுத்திக்கு முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று விஷமுள் உண்டு. குத்தினால் அன்றைய பொழுது போச்சு. அந்தப் பயத்தில் தொடாமல், தங்கூசியை, அதாவது தூண்டில் நரம்பை, பிடித்து ஓர் உதறு உதறினேன். மணலில் விழுந்தது. வாயிலிருந்து என்னவோ உருண்டது.

கோலிக்குண்டு அளவு, மஞ்சளாக. பத்துப் பதினைந்து இருக்கும். ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். உருண்டைக்குள் கறுப்பாக இரண்டு புள்ளி. கண்கள்.

பக்கத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் எட்டிப் பார்த்தார். "அப்பங்காரன் தம்பி அவன். புள்ளைங்கள வாயில வெச்சிருக்கான். பொரிக்கிற வரைக்கும் சோறு தண்ணி கெடையாது அவனுக்கு." உண்மைதான். கடல் கெளுத்தியில் முட்டையை வாயில் அடைகாப்பது ஆண், வாரக்கணக்கில் பட்டினி. மீனைத் தண்ணீரில் விட்டேன். உருண்டைகளையும் பொறுக்கி அலையில் போட்டேன். அப்பன் வாய்க்கு வெளியே அவை பிழைக்காது என்பது அப்போது எனக்குத் தெரியாது. காக்கைக்குத் தெரிந்திருந்தது, அலை ஒதுக்கிய இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அன்றிலிருந்து இது எனக்குப் பைத்தியமாகவே போய்விட்டது.

நீங்கள் சந்தையில் மீன் வாங்குகிறவர்கள்தானே? செவுளைத் தூக்கி, சிவப்பாக இருக்கிறதா என்று பார்ப்பீர்கள். அந்தச் சிவப்புதான் அதன் மூச்சு. விடப்போகிற மீனை அதற்குள் விரல் விட்டுத் தூக்கலாமா? அப்புறம், கையில் பிடித்தால் வழுக்குமே ஒரு கொழகொழப்பு, அது அழுக்கு இல்லை. நோய் அண்டாமல் காக்கும் கவசம். காய்ந்த கையும் சுடுமணலும் அதை உரித்துவிடும். நாம் வெறுங்காலில் நிற்க முடியாத மணலில் அதைப் போட்டுப் புரட்டுகிறோம்! ஆகவே முதலில் கையை நனையுங்கள். அலை ஏறும்போது அதோடு சேர்த்து மீனைக் கொண்டுவாருங்கள். ஈரத்திலேயே வேலையை முடியுங்கள். தூக்கித்தான் ஆக வேண்டுமென்றால் வயிற்றுக்கு அடியில் ஒரு கை கொடுத்து, படுத்த வாக்கில். பெரிய மீனைத் தாடையில் தொங்கவிட்டால் உடம்பு பாரம் முழுவதும் கழுத்தில் இறங்கும்.

செல்போனில் படம் எடுக்க வேண்டுமா, எடுங்கள். ஆனால் மீன் வெளியே வந்ததும் நீங்களும் மூச்சை அடக்குங்கள். உங்களுக்கு எப்போது முட்டுகிறதோ அப்போது அதுவும் தண்ணீருக்குள் போக வேண்டும். மறுபடியும் சொல்கிறேன், வீசாதீர்கள். முழங்கால் தண்ணீரில் நின்று, தலையைக் கடல் பக்கம் திருப்பிப் பிடித்திருங்கள். அதுவாக வாலை அடித்துக்கொண்டு போகும். கையை விட்டு அது போகும் அந்த உதறல் இருக்கிறதே, வறுவல் தோற்றுவிடும்.

முட்டுக்காடு முகத்துவாரத்தில் கொடுவாவுக்காகக் காத்திருக்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. கொடுவா இளவயதில் ஆண். சில வருஷம் கழித்துப் பெண்ணாக மாறும். அதனால் பெரிய கொடுவா பெரும்பாலும் பெண்தான், லட்சக்கணக்கில் முட்டை போடுகிறவள். மீன்கள் பெருகட்டும் என்று ஏப்ரல் 15 முதல் 61 நாள் நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் சும்மா நிற்கின்றன. நம் தூண்டிலுக்குத்தான் அப்படி ஒரு நாளும் கிடையாது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நண்பர் ஒரு விரலைக் காட்டுகிறார். முள்ளைப் பற்றித்தான் நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாக: தூண்டில் முள்ளின் உள்பக்கம் பின்னோக்கி இருக்கும் குட்டி முனையைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள், சுலபமாகக் கழலும். நுனி உள்ளே வளைந்த சர்க்கிள் ஹூக் பெரும்பாலும் வாயோரத்தில்தான் மாட்டும். முள்ளை மீன் விழுங்கிவிட்டால் இழுக்காதீர்கள். தங்கூசியை வாய்க்குப் பக்கத்தில் அறுத்து அப்படியே விடுங்கள், பிழைக்க வாய்ப்பு அதிகம். திருக்கைக்கென்று எழுதி வைத்த பக்கம் கையிலேயே இருக்கிறது. வால் பக்கம் கையைக் கொண்டுபோகாதீர்கள், இன்றைக்கு அவ்வளவுதான். வணக்கம்.